தாத்தா கட்டிய வீட்டுக்கு நாலு ஏசி வேண்டுமா?

கேள்வி: கும்பகோணத்தில் என் தாத்தா 1930களில் கட்டிய முற்றம் வைத்த வீட்டில் இருக்கிறோம். மெட்ராஸ் டெரஸ் கூரை, அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தளம். சின்ன வயதில் கத்தரி வெயிலிலும் கூடத்தில் பாய் விரித்துத் தூங்குவோம். இப்போது ராத்திரிகூட அனலடிக்கிறது. குரங்குத் தொல்லை தாங்காமல் சில வருடங்களுக்கு முன் முற்றத்தைப் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினோம். நான்கு அறைக்கு ஏசி, ஃபால்ஸ் சீலிங், புது வயரிங் என்று 3.9 லட்சத்துக்கு மகன் கொட்டேஷன் வாங்கி வந்திருக்கிறான். இரண்டு மாதத்துக்கு 340 யூனிட் ஓடுகிறது. அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். 12 லட்சம் எஃப்டி இருக்கிறது. அதை உடைக்கவா, கடன் வாங்கவா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

முதலில் அந்த ஷீட்டைக் கழற்றுங்கள். சூடான காற்று மேலேறி வெளியே போக உங்கள் வீட்டில் இருந்த ஒரே பெரிய வழி முற்றம்தான். அதை மூடியதும் வெயில் உள்ளே வருகிறது, வெப்பம் மட்டும் வெளியே போவதில்லை. குறையாகச் சொல்லவில்லை, எங்கள் ஊர் வீட்டிலும் இதையே செய்துவிட்டு இரண்டு கோடை தவித்தோம். குரங்குக்கு இரும்புக் கம்பியும் வலையும் போதும். மழைநீர் போகும் தூம்பை மட்டும் அடைப்பெடுத்து வையுங்கள்.

அதனால் பழைய குளிர்ச்சி முழுதாகத் திரும்பிவிடும் என்று சொல்ல மாட்டேன். கனத்த சுவரும் சுண்ணாம்புத் தளமும் பகல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் விடும். ராத்திரிக் காற்று குளிர்ந்தால்தான் அந்த ஏற்பாடு வேலை செய்யும். உங்கள் தாத்தா நம்பிக் கட்டிய அந்த ராத்திரி இப்போது இல்லை. எனவே படுக்க ஓர் அறைக்கு ஏசி நியாயமான செலவு. இருப்பதிலேயே சின்ன அறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய வீட்டில் கூரை உயரம்: பத்தடி உயரத்துக்குப் பதில் பதின்மூன்றடி என்றால், குளிர்விக்க வேண்டிய காற்று முப்பது சதவீதம் அதிகம்.

கொட்டேஷனிலிருந்து ஃபால்ஸ் சீலிங்கை நீக்கிவிடுங்கள். மெட்ராஸ் டெரஸைத் தாங்குவது மர உத்திரம். கரையானோ ஒழுக்கோ வந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மறைத்து வைத்தால் பிறகு வரும் செலவு ஏசி செலவையே தின்றுவிடும். தளத்தின் மேல் சிமென்ட் பூச யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வைத்துத் மேலே பதித்த தட்டோட்டு (தட்டையான சுட்ட மண் ஓடு) விரிசல்களைச் சரிசெய்யுங்கள். அப்புறம் ஆண்டுதோறும் பங்குனியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். மழையில் கரையும்தான், ஆனால் இத்தனை மலிவாக வெயிலைத் திருப்பி அனுப்பும் பொருள் வேறு இல்லை.

இப்போது கரண்ட் கணக்கு. அதிகம் ஓடும் நான்கு பழைய ஃபேன்களைக் குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றுங்கள். 75 வாட் சுமார் 30 வாட் ஆகும். தினம் 15 மணி நேரம் ஓடினால் நான்கிலும் சேர்த்து இரண்டு மாதத்தில் 160 யூனிட் மிச்சம். ஒரு டன் ஐந்து நட்சத்திர ஏசி ராத்திரிக்கு ஐந்து யூனிட் இழுக்கும் என்று வைத்தால் 300 யூனிட். 340இல் 160 போக, 300 கூட்டினால் 480. தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்தான் கோடு. அதைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே கிடைத்த சலுகை விலையும் போய்விடும். மகன் சொல்வது போல் நான்கு ஏசியும் ஓடினால் 1,500ஐத் தாண்டும்.

மேற்கூரை சோலாருக்கு மத்திய அரசு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறதே என்பீர்கள். 480 யூனிட் ஓடும் வீட்டில் அரசே மலிவாகக் கரண்ட் தரும்போது போட்ட பணம் திரும்பி வர நாளாகும். அந்தத் தளத்தில் போல்ட் அடித்தால் ஒழுகும். கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லும் வரை தொடாதீர்கள்.

இதெல்லாம் சேர்ந்தும் கொட்டேஷனில் பாதியைத் தாண்டாது என்று நினைக்கிறேன். ஏசிக்குத் தனி லைனும் எர்த்திங்கும் அதில் சேர்த்தி, அதில் கஞ்சத்தனம் கூடாது. சம்பளம் வரும் இந்த ஓராண்டுக்குள் ஒவ்வொன்றாக முடியுங்கள். இடையில் பணம் முட்டினால் எஃப்டியை உடைக்காமல் அதன் மேலேயே கடன் வாங்கலாம். எஃப்டி வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல். வீடு பழுதுபார்க்கும் கடனுக்கு வரிச்சலுகை உண்டு என்று யாராவது சொன்னால், அது பழைய வரிமுறையில் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் புதிய வரிமுறையில் அதுவும் இல்லை.

நீங்கள் எழுதாத ஒன்று: பட்டா யார் பெயரில்? தாத்தா பெயரிலேயே இருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் பங்கு இருக்கும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. ஏசியைக் கழற்றி எடுத்துப் போகலாம், தளத்தில் போட்ட பணத்தை எடுத்துப் போக முடியாது. கொத்தனாரைக் கூப்பிடும் முன் தம்பி, தங்கையை உட்காரவைத்துப் பேசி, செலவு உங்களுடையது, பாகம் பிரிக்கும்போது அது கழிக்கப்படும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பில்களை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.