பிரசங்கியின் மாயை

அன்புள்ள ஐயா,

சித்தப்பாவின் அடக்க ஆராதனையில் பாஸ்டர் பைபிளின் பழைய ஏற்பாட்டிலுள்ள பிரசங்கி புத்தகத்திலிருந்து வாசித்தார். ‘மாயை, மாயை, எல்லாம் மாயை.’ பக்கத்தில் நின்ற நண்பர், ‘உங்க பைபிள்லயும் சங்கரர் சொன்னதுதானே இருக்கு’ என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. எபிரேயத்திலும் மாயைதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. அங்கே இருப்பது ‘ஹெவெல்’. நேர்ப்பொருள் மூச்சு, ஆவி. பனிக்காலையில் வாயைத் திறந்தால் புகைபோல் வந்து கலைந்துபோகுமே, அது. பிரசங்கி இதை 30 தடவைக்கு மேல் சொல்கிறார். அந்த மூச்சு பொய்த்தோற்றம் இல்லை, நிஜமாகவே இருக்கிறது, ஆனால் கைக்கு அகப்படாது. சங்கரரின் அத்வைதம் சொல்வதுபோல் உலகமே மெய்யல்ல என்று அவர் எங்கும் சொல்லவில்லை. 9ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: சந்தோஷமாகச் சாப்பிடு, திராட்சரசம் குடி, உன் ‘மாயையான நாட்களிலெல்லாம்’ நேசிக்கிற மனைவியோடு வாழ்க்கையை அனுபவி என்கிறார். உலகத்தைப் பொய்த்தோற்றம் என்று நினைப்பவர் இப்படிப் பேசுவாரா?

இன்னொன்று, 8ஆம் அதிகாரம் 14ஆம் வசனம். நல்லவனுக்குக் கெட்டவனின் பலனும் கெட்டவனுக்கு நல்லவனின் பலனும் வந்து சேருவதைப் பார்த்துவிட்டு, அதையும் ஹெவெல் என்கிறார். அங்கே அது ‘என்ன அநியாயம், ஒன்றும் பிடிபடவில்லையே’ என்ற எரிச்சல். அதனால்தான் திருக்குறளின் ‘நிலையாமை’யை எடுத்துப் போட்டாலும் பாதிதான் பொருந்தும். கத்தோலிக்கர்களின் திருவிவிலியம் ‘வீண்’ என்கிறது, அது லத்தீன் ‘வானிடாஸ்’ (வெறுமை, வீண்) போன வழி. பைபிளை லத்தீனில் பெயர்த்து அந்தச் சொல்லைத் தந்த ஜெரோமே, கிரேக்கத்தில் சிலர் இதை ‘நீராவி’ என்று பெயர்த்திருப்பதைத் தன் உரையில் குறித்திருக்கிறார், ஆனாலும் வானிடாஸையே வைத்துக்கொண்டார்.

ஆதியாகமத்தில் காயீன் கொன்ற தம்பியின் பெயரும் எபிரேயத்தில் ஹெவெல்தான். தமிழில் ‘ஆபேல்’ என்று ஆனதில் அது காதில் விழாமல் போய்விட்டது. காயீனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று ஏவாள் சொல்கிறாள், இவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. வந்தான், போய்விட்டான்.

உங்கள் நண்பருக்கு ஒரு வார்த்தை: மாயை என்றாலே சங்கரர் இல்லை. சைவ சித்தாந்தத்தில் மாயை உள்பொருள், அதாவது நிஜமாகவே இருப்பது; உயிரைக் கட்டும் மும்மலங்களில் ஒன்று, உலகம் அதிலிருந்துதான் உண்டாகிறது. பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பின் ‘மாயை’யைப் படிக்கிற தமிழர் எல்லாரும் அத்வைதத்தைத்தான் நினைக்க வேண்டும் என்று யார் சொன்னது?

சரி, நான் பெயர்த்தால் என்ன போடுவேன் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ‘ஆவி’ கச்சிதமான சொல், மூச்சும் அதுதான், சோற்றுப்பானையிலிருந்து எழுவதும் அதுதான். ஆனால் அதை ‘ரூவாஹ்’ என்ற இன்னோர் எபிரேயச் சொல்லுக்கு, அதாவது பரிசுத்த ஆவிக்கு, எப்போதோ கொடுத்துவிட்டார்கள். இப்போது போய் ‘எல்லாம் ஆவி’ என்று அச்சடித்தால் பிரசங்கியை எழுப்புதல் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் மாயையே இருக்கட்டும், கீழே ஓர் அடிக்குறிப்போடு.

அன்புடன்.