பக்கத்துக்கு ஒரு சிலிண்டர்

சிலிண்டரை முதுகில் ஏற்றாமல் விலாவோரம் மாட்டிக்கொண்டு மூழ்கும் சைடுமவுண்ட் முறை பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

முதுகுவலியால் ஸ்கூபா டைவிங்கையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். சைடுமவுண்டுக்கு மாறினால் பாரம் குறையுமா?

குறையாது, கூடும். 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர் காலியாக இருக்கும்போதே சுமார் 14 கிலோ. 200 பார் (அழுத்த அலகு) அளவுக்கு நிரப்பினால் காற்று மட்டும் ஏறக்குறைய 2.7 கிலோ. வால்வும், காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரும் அதற்கு மேல். இப்படி இரண்டு வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் முதுகில் ஏற்றிக்கொண்டு நிற்கத் தேவையில்லை என்பதுதான் உங்களுக்கு லாபம். ஒவ்வொன்றாகக் கரைக்கோ படகோரத்துக்கோ கொண்டுபோய், தண்ணீரில் இறங்கிய பிறகு மாட்டிக்கொள்ளலாம். ஏறும்போதும் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் ஆளாக ஏணியில் ஏறலாம். தூக்கித்தர ஆள் இருந்தால் முதுகு தப்பிக்கும். நீங்களே சுமந்தால் அதே வலி, இரண்டு நடை.

ஏற்கெனவே வைத்திருக்கும் ஜாக்கெட் வகை பி.சி.டி.யில் (மிதப்பைச் சரிசெய்யும் காற்றுப்பை உடை) இரண்டு பக்கமும் சிலிண்டர் தொங்கவிட முடியாதா?

வேண்டாம். ஜாக்கெட்டின் காற்றுப்பை விலாப்பக்கமாக உப்பும். சிலிண்டர் உட்கார வேண்டிய இடமும் அதுவே. சிலிண்டரின் கீழ்க்கொக்கியை மாட்ட இடுப்புக்குப் பின்னால் உறுதியான தகடோ வளையமோ அதில் இருக்காது. சைடுமவுண்ட் ஹார்னஸில் (உடலில் மாட்டும் பட்டைக் கோப்பு) விங் எனப்படும் காற்றுப்பை இடுப்பையும் கீழ்முதுகையும் ஒட்டி இருக்கும். தூக்கல் தேவைப்படும் இடம் அதுதான்.

ரெகுலேட்டர், ஹோஸ் அமைப்பை விளக்க முடியுமா? எந்தப் பக்கம் எவ்வளவு நீளம்?

முதலில் ஒன்றை மனதில் பதியவைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு சிலிண்டருக்கும் நடுவே எந்த இணைப்பும் கிடையாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (ரெகுலேட்டரில் வால்வோடு பொருத்தும் பகுதி), தனி செகண்ட் ஸ்டேஜ் (வாயில் வைக்கும் பகுதி), தனி பிரஷர் கேஜ் (மிச்ச அழுத்தம் காட்டும் மானி).

பரவலாக உள்ள அமைப்பு இது. வலது சிலிண்டரில் நீள ஹோஸ், குகைக்கு 2.1 மீட்டர். திறந்த நீருக்கு 1.5 மீட்டரே போதும் என்பவர்களும் உண்டு. அது மார்பைக் குறுக்கே கடந்து, இடது தோள் வழியாகக் கழுத்தின் பின்புறம் சுற்றி, வலப்பக்கமாக வாய்க்கு வரும். மிச்ச நீளத்தைச் சிலிண்டர் மீதுள்ள ரப்பர் பட்டையில் செருகுங்கள். இடது சிலிண்டரில் 55 முதல் 60 செ.மீ. வரை குட்டை ஹோஸ், வாய் அருகே வளைவான இணைப்பு. அந்த செகண்ட் ஸ்டேஜ் எலாஸ்டிக் கயிற்றில் கழுத்துமாலை போலத் தாடைக்குக் கீழே தொங்க வேண்டும். கேஜ் ஹோஸ் 15 அல்லது 22 செ.மீ. இருந்தால் குனியாமலே முள் தெரியும். விங்குக்குப் போகும் காற்று ஹோஸ் பெரும்பாலும் இடதிலிருந்து. டிரை சூட் (நீர் புகாத உடை) அணிந்தால் அதற்கு வலதிலிருந்து.

நீள ஹோஸ் எதற்கு? காற்று தீர்ந்து வருபவருக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் குட்டை ஹோஸில் சுவாசிக்கும்போது நீள ஹோஸின் செகண்ட் ஸ்டேஜ் வலது மார்பு டி வளையத்தில் கொக்கியில் இருக்கும். அந்தக் கொக்கியைச் செகண்ட் ஸ்டேஜோடு கட்டும் இடத்தில் இழுத்தால் பிய்ந்து வரும் ஓ-ரிங்கோ மெல்லிய ரப்பரோ போடுங்கள். நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டால், பதற்றத்தில் இருப்பவர் இழுக்கும்போது சிலிண்டரோடு நீங்களும் சேர்ந்து வருவீர்கள்.

முக்குளிப்பின் பாதியில் என் அலுமினிய சிலிண்டர்களின் அடிப்பகுதி மேலே கிளம்பிவிடுகிறது. கொக்கியை இறுக்கியும் பயனில்லை.

கொக்கியின் இறுக்கத்தில் கோளாறு இல்லை. அலுமினிய சிலிண்டரின் இயல்பு அது. நிறைந்திருக்கும்போது கடல்நீரில் சுமார் 0.7 கிலோ அளவுக்கு மூழ்கும். காலியானால் ஏறக்குறைய 2 கிலோ அளவுக்கு மிதக்கும். வால்வு, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் என உலோகப் பாரமெல்லாம் தலைப்பக்கம் இருப்பதால் தலை அமுங்கியே கிடக்கும், வால் மட்டும் எழும்பும்.

தீர்வு, கொக்கி மாட்டும் இடத்தை நடுவழியில் மாற்றுவது. தொடக்கத்தில் கீழ்க்கொக்கி இடுப்பின் பின்புறத் தகட்டில் இருக்கட்டும். கேஜ் 120 பாருக்கு இறங்கி, வால் எழத் தொடங்கியதும் இடுப்புப் பட்டையில் நகரும் டி வளையத்துக்கு மாற்றி, வளையத்தை வயிற்றுப்பக்கம் தள்ளுங்கள். முன்னால் வர வர வால் தாழும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒன்றை முடித்து, கிடைமட்டம் சரிபார்த்து, பிறகு அடுத்தது. வாலில் அரைக் கிலோ, ஒரு கிலோ ஈயம் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சிலிண்டரைக் கழற்றிக் கொடுக்க நேர்ந்தால், உங்களை அமுக்கி வைக்க வேண்டிய ஈயமும் கூடவே போய்விடும்.

அதற்கு முன் இரண்டு அளவுகளைச் சரிபாருங்கள். சிலிண்டரைப் பக்கத்தில் நிறுத்தி வால்வை அக்குளுக்கு நேராகக் கொண்டுவந்தால், கீழ்க்கொக்கியின் பட்டை இடுப்பெலும்புக்கு நேராக வர வேண்டும். பட்டை வால்வை நோக்கி ஏறியிருந்தால் சிலிண்டர் முழுவதும் பின்னால் போய், வால்வைப் பிடித்திருக்கும் எலாஸ்டிக் கயிறு வீணாக இழுபடும். அடிப்பக்கம் இறங்கியிருந்தால் வால்வு முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது அந்த எலாஸ்டிக் கயிறு. வால்வின் கழுத்தைப் பிடித்து அக்குளுக்குள் இழுத்து வைப்பது அதன் வேலை. தளர்ந்தால் வால்வு மார்புக்குக் கீழே தொங்கும். மிகவும் குட்டையானால் தோள் வலிக்கும், ஒற்றைக் கையால் மாட்டவும் முடியாது. தரையில் நின்று இதைத் தீர்மானிக்காதீர்கள், அங்கே எந்தச் சிலிண்டரும் தொங்கத்தான் செய்யும். ஆழமில்லாத நீரில் கிடைமட்டமாகப் படுத்து, உடன் வருபவரைப் பக்கவாட்டிலிருந்து படமெடுக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் உடலின் கோட்டோடு ஒன்றினால் அளவு சரி.

எஃகு சிலிண்டரில் கதை தலைகீழ். வால் எழாது, எப்போதும் தொங்கப் பார்க்கும். கொக்கியைக் கடைசிவரை பின்புறத் தகட்டிலேயே விட்டுவிடலாம், ஈயமும் குறையும். ஆனால் மெல்லிய உடையில் இரண்டு எஃகு சிலிண்டர்களோடு இறங்கினால், ஒரு துண்டு ஈயம்கூட இல்லாமலே பாரம் மிஞ்சிப்போகலாம். விங் கிழிந்தால் துடுப்படித்தே மேலே வர முடியுமா என்று முதலில் சோதியுங்கள்.

ஈயத்தை எங்கே, எவ்வளவு வைப்பது?

இரண்டு கேஜும் 50 பாரில், விங் காலியாக, 3 மீட்டர் ஆழத்தில் அசையாமல் நிற்க முடிய வேண்டும். அதற்குத் தேவையான அளவே அளவு. 200 பாரில் இறங்கும்போது இதைவிட சுமார் 4 கிலோ கூடுதலாக இருப்பீர்கள், அதை விங் தாங்கிக்கொள்ளும். இடம், முதுகுத்தண்டின் வழியே, தோள்பட்டைகளுக்கு நடுவிலிருந்து கீழ்நோக்கி. இடுப்பு பெல்ட்டில் போட்டால் கால் தாழும், சிலிண்டர் கொக்கிகளோடும் சிக்கும்.

இரண்டு சிலிண்டரையும் எப்போது மாற்றி மாற்றிச் சுவாசிப்பது? ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினால் என்ன?

ஒன்றை முடித்துவிட்ட பிறகு மற்றதில் கோளாறு வந்தால் கையில் எதுவும் இல்லை. உடலும் காலியான பக்கம் தூக்கிக்கொள்ளும். ஆகவே வித்தியாசம் 30 பாரைத் தாண்டாமல் மாற்றுங்கள். இரண்டும் 200 பாரில் தொடங்கினால், வலது 170 வரை, பிறகு இடது 140 வரை, வலது 110 வரை, இடது 80 வரை, பின் வலது 80 வரை. மாற்றும் முன் எடுக்கப்போகும் சிலிண்டரின் கேஜைப் பார்த்தபடி, அதன் செகண்ட் ஸ்டேஜில் காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பட்டனை அழுத்துங்கள். முள் துள்ளி இறங்கினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை.

எப்போது திரும்புவது என்பதை ஊகத்தில் விடாதீர்கள். 20 மீட்டரில் உங்கள் கூட்டாளிக்குக் காற்று தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இருவரும் நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம், மொத்தம் 40. நிதானத்துக்கு வர 1 நிமிடம், அந்த ஆழத்தின் 3 பார் அழுத்தத்தில் மும்மடங்காக 120 லிட்டர். 5 மீட்டர் வரை ஏற 2 நிமிடம், சராசரி 2.25 பாரில் 180. அங்கே 3 நிமிடம் நிற்க 180. மேலே வர இன்னும் 50. மொத்தம் 530 லிட்டர், 11.1 லிட்டர் சிலிண்டரில் 48 பார். பதற்றத்தில் மூச்சு 25 லிட்டராக ஏறினால் 60 பார். 30 மீட்டருக்கு இதே கணக்கு 65, பதற்றத்தில் 81.

இந்த அளவு *ஒவ்வொரு* சிலிண்டரிலும் இருக்க வேண்டும். பலர் இடறுவது இங்கேதான். இரண்டு கேஜிலும் 40 என்றால் கையில் 80 பார் என்று மனம் கூட்டிக்கொள்ளும். நெருக்கடியில் ஒரு சிலிண்டர் கைவிட்டால் இருப்பது 40 மட்டுமே. கூட்டாளிக்குச் சைகை காட்டும்போதும் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள். குகை போலத் தலைக்கு மேல் தடை உள்ள இடங்களில் மூன்றில் ஒரு பங்கு விதி: 200 பாரில் தொடங்கினால் இரண்டும் 134க்கு வரும்போது திரும்பல்.

ரெகுலேட்டர் ஃப்ரீ ஃப்ளோ ஆனால் (காற்று நிற்காமல் பொங்கினால்) என்ன வரிசையில் செயல்பட வேண்டும்?

மற்ற செகண்ட் ஸ்டேஜை வாயில் வையுங்கள், பொங்கும் சிலிண்டரின் வால்வை மூடுங்கள். 11 லிட்டர் சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும், ஆழத்தில் இன்னும் வேகமாக. வால்வு அக்குளுக்குக் கீழேயே இருப்பதால் பார்த்து மூடலாம். முதுகுச் சிலிண்டரில் கிடைக்காத வசதி இது. ஆனால் இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம் போல இருப்பதால் கை குழம்பும். கைப்பிடியை நேருக்கு நேர் பார்த்து வலஞ்சுழியாகத் திருப்பினால் மூடும், இரண்டுக்கும் அதே.

மூடிய சிலிண்டரில் உள்ள காற்று வீண் இல்லை. தேவைப்பட்டால் அந்த செகண்ட் ஸ்டேஜை வாயில் வைத்து, மூச்சிழுக்கும்போது வால்வைச் சற்றுத் திறந்து, உடனே மூடலாம். இதைப் பயிற்சியில் பழகியிருக்க வேண்டும், முதன்முறையாக 25 மீட்டரில் அல்ல. மூடியது இடது என்றால் விங்கின் காற்று பட்டனும் செத்துவிடும். வாயால் ஊதுங்கள். முக்குளிப்பு அங்கேயே முடிந்தது, மேலே வாருங்கள்.

ஒரே ஒரு சிலிண்டரைப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம், ஆழமில்லாத இடத்தில். எதிர்ப்பக்கம் ஒன்றிரண்டு கிலோ ஈயம் வைத்து சமன்படுத்த வேண்டும். மாற்றுக் காற்று இல்லை என்பதால் சைடுமவுண்டின் பாதிப் பயன் போய்விடும்.

படகிலிருந்து குதிக்கும்போது சிலிண்டர் பிய்ந்துபோகுமோ என்று பயமாக இருக்கிறது.

எலாஸ்டிக் கயிறு வால்விலிருந்து நழுவக்கூடும். அதனால் சிலிண்டரின் கழுத்தில் சிறு கயிற்றோடு ஒரு கொக்கி கட்டி, மார்பு டி வளையத்தில் மாட்டுங்கள். குதிக்கும்போது இரண்டு கைகளாலும் வால்வுகளை உடலோடு அணைத்துப் பிடியுங்கள். முகமூடியைப் பிடிக்கக் கை இருக்காது, அதைக் கழுத்தில் இறக்கிவிடலாம். அலை இருந்தால் குதிக்கவே வேண்டாம். படகோரத்தில் கயிறு தொங்கவிட்டு, வால்வு திறந்து சோதித்த சிலிண்டர்களை அதில் மாட்டச் சொல்லுங்கள். விங்கில் காற்று நிரப்பிக்கொண்டு இறங்கி, கீழ்க்கொக்கி முதலில், பிறகு கழுத்துக் கொக்கி, கடைசியாக எலாஸ்டிக் கயிறு. படகுக் கயிற்றிலிருந்து சிலிண்டரை விடுவிப்பது கழுத்துக் கொக்கி மாட்டிய பிறகுதான்.