கண்ணாடியைக் கழற்றும் முன் கருவிழியை அளந்து பாருங்கள்

எனக்கு வயது 24. பவர் மைனஸ் 4.5. லேசிக், ஸ்மைல், பி.ஆர்.கே. மூன்றில் எது சிறந்தது டாக்டர்?
– வாசகி, திருச்சி

மூன்றும் கண்ணாடிப் பவரைப் போக்கும் லேசர் அறுவைகள். கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிந்த படலமான கார்னியாவின், வளைவைச் சற்றே தட்டையாக்குகின்றன. உள்ளே போகும் வழிதான் வேறு. லேசிக்கில் சுமார் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் ஒரு மடலை வெட்டி, புத்தக அட்டையைப் போலத் திறந்து, அடியில் லேசர் பாய்ச்சி மூடுகிறோம். பெரும்பாலும் மறுநாளே பார்வை தெளிந்துவிடும். ஸ்மைலில் மடல் கிடையாது. உள்ளே லேசர் வகுத்த வில்லை போன்ற துண்டை 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியே உருவி எடுக்கிறோம். பி.ஆர்.கே.யில் மேல்தோலை நீக்கிவிட்டு லேசர் செலுத்துவோம். தோல் வளரும் சில நாட்கள் எரிச்சலும் கண்ணீரும் இருக்கும். பார்வை தெளியச் சில வாரங்கள் ஆகும்.

எது உங்களுக்கு என்பதைக் கருவிழியின் கனம் சொல்லும். சராசரி 540 மைக்ரான் என்று வையுங்கள். லேசிக் என்றால் மடலுக்கு 100, உங்கள் பவருக்குச் சுமார் 65 போக, 375 மிஞ்சும். இது 250-க்குக் கீழே போகவே கூடாது. 300 இருந்தால்தான் எனக்கு நிம்மதி. விளம்பரத்தைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நான் கபடி வீரன். லேசிக் செய்யலாமா?
– வாசகர், தேனி

பி.ஆர்.கே.யைத்தான் சொல்வேன். கண்ணில் பலமாக விரல் பட்டால், பல ஆண்டுகள் கழித்தும் லேசிக் மடல் நகர்ந்துவிடக்கூடும்.

லேசர் கண்ணைச் சுட்டுவிடாதா?
– வாசகர், மதுரை

சுடாது. லேசிக்கிலும் பி.ஆர்.கே.யிலும் பயன்படும் 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர், திசுவைக் கருக்காமல் நுண்ணிய அளவில் அகற்றிவிடுகிறது. 1981-இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியில் இதைச் சோதித்துக் கண்டவர்களில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

மகனுக்கு 19 வயது. ஆண்டுதோறும் பவர் ஏறுகிறது, கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறான். இப்போதே செய்துவிடலாமா?
– வாசகி, கோவை

வேண்டாம் அம்மா. ஓர் ஆண்டாவது பவர் மாறாமல் நிற்கட்டும். ஏறும் பவரும் கண் கசக்கலும் கருவிழி கூம்பாவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். முதலில் கருவிழியின் வளைவைக் காட்டும் வரைபடம் எடுங்கள். இப்படித்தான் ஒரு மாணவர், வேறோரிடத்தில் கண்ணாடிப் பவரை மட்டும் பார்த்துக் கொடுத்த அறுவை தேதியுடன் என்னிடம் வந்தார். வரைபடத்தின் கீழ்ப்பாதி முழுவதும் சிவப்பு, அதாவது வளைவு மிகுந்த இடம். கருவிழி கூம்பாகிக்கொண்டிருந்தது. லேசர் பட்டிருந்தால் இன்னும் மெலிந்து பிதுங்கியிருக்கும். இன்றும் அந்தச் சிவப்பு என் கண்ணிலேயே நிற்கிறது.

செய்துகொண்டால் ஆயுளுக்கும் கண்ணாடி வேண்டாமா?
– வாசகர், நெல்லை

நாற்பதுக்குப் பிறகு படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம். மைனஸ் பவர் உள்ள கண் பெரும்பாலும் இயல்பைவிட நீண்டிருக்கும், அதனால் விழித்திரையும் இழுபட்டிருக்கும். பவர் போனாலும் நீண்ட கண் நீண்ட கண்தான். ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்டுங்கள். பழைய பவர் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள், கண்புரை அறுவையின்போது லென்ஸ் கணக்கிட உதவும்.