நல்ல கண்ணை ஏன் மூட வேண்டும்?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. இடது கண் 'சோம்பேறிக் கண்' என்று சொல்லி, டாக்டர் கண்ணாடி கொடுத்தார். இப்போது வலது கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் பேட்ச் ஒட்டி மூடச் சொல்கிறார். "நல்லா இருக்கிற கண்ணையும் கெடுத்துடுவாங்க" என்கிறார் மாமியார். வளர்ந்த பிறகு லேசர் செய்துகொண்டால் போதாதா?

பதில்: சோம்பேறிக் கண் என்ற பெயரே தவறு. கண் பாவம், ஒன்றும் செய்யவில்லை. சிக்கல் பின்மண்டையில், பார்வைக்கான மூளைப் பகுதியில் இருக்கிறது.

பிறந்த முதல் வருடத்தில் அங்கே நரம்பு இணைப்புகள் (சினாப்ஸ்கள்) மளமளவென்று பெருகும். பிறகு, பயன்படாதவை கழிக்கப்படும். உங்கள் மகளின் இடது கண் மங்கலான படத்தையே அனுப்பி வந்ததால், அதற்குரிய இடத்தை வலது கண் பிடித்துக்கொண்டது.

1960களில் ஹியூபெல், வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைத் தைத்து மூடி வைத்தார்கள். கேட்கவே சங்கடமாகத்தான் இருக்கிறது. சில மாதம் கழித்துத் திறந்தால், கண்ணில் பெரிதாகக் குறையில்லை; ஆனால் மூளை அணுக்கள் அந்தக் கண்ணுக்கு அநேகமாகப் பதிலே தரவில்லை. வளர்ந்த பூனையிடம் அதே சோதனை எந்தப் பாதிப்பையும் ஏற்படுத்தவில்லை. இன்னொரு வேடிக்கை, குட்டியின் இரண்டு கண்ணையும் மூடியபோது, எதிர்பார்த்த அளவு இழப்பு இல்லை. அதாவது இது இரண்டு கண்களுக்கு இடையிலான இடப்போட்டி. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

போட்டி என்பதால்தான் ஜெயித்த கண்ணைக் கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறோம். லேசர் கண்ணில் விழும் படத்தைத் தெளிவாக்கும், அவ்வளவுதான். அதைப் படிக்கப் பழகாத மூளைக்கு அது உதவாது. ஐந்து வயது நல்ல வயது, தள்ளிப்போடாதீர்கள்.

மாமியாரின் பயத்திலும் ஒரு நியாயம் உண்டு. அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண்ணின் பார்வை சற்றுக் குறையலாம், பெரும்பாலும் திரும்பிவிடும். அதற்காகத்தான் இடையிடையே வரச் சொல்கிறார்கள். நடுத்தரக் குறைபாட்டுக்கு இரண்டு மணி நேரமும் ஆறு மணி நேரமும் ஏறக்குறைய ஒரே பலன் தந்ததாக 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே நீங்களாக நேரத்தைக் கூட்ட வேண்டாம்.

பேட்சைக் கண்ணாடியில் ஒட்டாமல் தோலில் ஒட்டுங்கள். இல்லையென்றால் மூக்கோரமாக எட்டிப் பார்த்துவிடுவாள். அதன்மேல் கண்ணாடியை மாட்டி, வண்ணம் தீட்டவோ மணி கோக்கவோ விடுங்கள். தம்பி, தங்கை இருந்தால் அவர்கள் கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.