மகள் கேட்பது துப்பாக்கி பிடிக்கிற வேலை அல்ல

ஐயா, வணக்கம்.

பயங்கரவாதிகளுக்குப் பணம் போகும் வழியை ஆராய்கிற பொருளாதார நிபுணர் ஆகப் போகிறேன் என்று பிளஸ் டூ படிக்கும் மகள் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள். பெரும்பாலும் கணினி முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வேலை இது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்யும் உங்களுக்கு இதன் ஒரு நுனி ஏற்கெனவே தெரியும். 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கத்தில் நடக்கும் நகை வியாபாரத்தை 2020 டிசம்பரில் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்களே, உங்கள் ஆடிட்டர் சொல்லியிருப்பார். வங்கிகள் சந்தேகப்படும் பரிமாற்றங்களை டெல்லியில் உள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புகின்றன. அந்தக் குவியலில் எது வியாபாரம், எது விபரீதம் என்று பிரிக்கத்தான் ஆள் வேண்டும்.

அது லேசான வேலை இல்லை. கறுப்புப் பணக்காரர் திருட்டுப் பணத்தை நல்ல பணமாக்கப் பார்ப்பார். இங்கே பல நேரம் நேர்மாறு: சம்பளம், நன்கொடை என்று நல்ல வழியில் வந்த பணமே கெட்ட காரியத்துக்குப் போகும். தொகையும் சின்னது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு ஆன மொத்தச் செலவே 4 முதல் 5 லட்சம் டாலர்தான் என்று அமெரிக்க விசாரணைக் குழு கணித்தது. உலக வங்கிகளில் ஒரு நாளில் புரளும் பணத்தில் அது கண்ணுக்கே தெரியாது. அதே சமயம், ஊருக்குப் பணம் அனுப்பும் ஏழைத் தொழிலாளியைத் தவறாகச் சந்தேகப்பட்டு முடக்கிவிடவும் கூடாது. இந்த இரண்டு பக்கத்தையும் எடைபோடத்தான் பொருளாதாரப் படிப்பு தேவைப்படுகிறது. உங்கள் மகள் இதைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

சரி, படிப்புக்கு வருவோம். இந்தப் பெயரிலேயே இளங்கலைப் பட்டம் தேட வேண்டாம். பி.ஏ. பொருளியலைச் சேலம் அரசு கலைக் கல்லூரியிலேயே படிக்கலாம். எம்.ஏ.வுக்குப் பெரியார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. மதிப்பெண் நன்றாக வந்தால் சென்னைப் பொருளியல் பள்ளிக்கு முயற்சி செய்யட்டும். ஆனால் கணிதமும் புள்ளியியலும் பலமாக இருக்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவள் வணிகக் கணிதம் எடுத்திருந்தாலும் நுண்கணிதத்தைத் தனியாகப் படிக்கட்டும். 'மூன்றே மாதத்தில் நிபுணர்' என்று லட்சக்கணக்கில் கேட்கும் சான்றிதழ் வகுப்புகளுக்கு இப்போது ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

முதல் வேலை பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு வங்கியின் பரிமாற்றக் கண்காணிப்புப் பிரிவில் கிடைக்கும். முதல் சில வருஷம் அலுப்பாக இருக்கும், அதை அவளிடம் மறைக்காதீர்கள். எம்.ஏ. முடித்தால் யூபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வும் எழுதலாம். வயது 21 முதல் 30 வரை. பாரிஸில் இருந்து இயங்கும் நிதி நடவடிக்கைப் பணிக்குழு (FATF), இப்படிப்பட்ட பணத்தை ஒவ்வொரு நாடும் எப்படித் தடுக்கிறது என்று மதிப்பிட்டு வெளியிடும் அறிக்கைகள் இலவசம். இந்தியா பற்றிய 2024 அறிக்கையை அவள் இப்போதே புரட்டிப் பார்க்கட்டும். பாதி புரியாது, பரவாயில்லை. புரியாத இடங்களைக் குறித்துக்கொண்டு, பதினோராம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு அவளை அழைத்து வாருங்கள். அவளிடமே பேசுகிறேன்.