வாசகர் கேள்வி பதில்: கருக்கலைப்பும் எங்கள் உயர் நீதிமன்றமும்

கேள்வி: கருக்கலைப்பு உரிமையை அமெரிக்காவில் நீதிமன்றம் நீக்கியதாகவும் இந்தியாவில் விரிவாக்கியதாகவும் படிக்கிறோம். இலங்கையின் அதியுயர் மன்றான எங்கள் உயர் நீதிமன்றத்திடமும் இப்படியொரு தீர்ப்பைக் கேட்க முடியாதா? வாசிகசாலையில் இதைப் பேசி ஒரு முடிவுக்கும் வரவில்லை.
— ஆசிரியை ஒருவர், கிளிநொச்சி

பதில்: இப்போதுள்ள அரசியலமைப்பின் கீழ் முடியாது. 1973இல் ரோ எதிர் வேட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன் நாட்டு அரசியலமைப்பில் அவ்வுரிமை உண்டென்றது. 2022 ஜூன் 24 அன்று டொப்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் இல்லையென்று கூறி, முடிவை மாநிலங்களிடம் விட்டது. இந்தியாவில் நடந்தது வேறு. அங்கே 1971இலேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. சில பிரிவுப் பெண்களுக்கு அச்சட்டம் வழங்கிய 24 வார வரம்பு மணமாகாத பெண்களுக்கும் பொருந்தும் என்றே 2022 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம் பொருள்கூறியது.

எங்களிடம் அவ்வாறு பொருள்கூறத்தக்க சட்டமே இல்லை. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்யப்படுவதைத் தவிர மற்றெல்லாக் கருக்கலைப்பையும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக்குகிறது; தண்டனை 3 ஆண்டு வரையும், சிசுவின் அசைவு தெரிந்த பின்னராயின் 7 ஆண்டு வரையும் சிறை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளிதான். வல்லுறவுக்குள்ளான சிறுமிக்கும் விலக்கில்லை. அடிப்படை உரிமை மீறலென்று வழக்கிடலாமே என்பீர்கள். ஆனால், முன்பிருந்த எழுத்துச் சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என்கிறது 1978 அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை. வெள்ளைக்காரன் எழுதிவைத்துப் போனதற்கு நாங்களே வேலி கட்டியிருப்பது எனக்கு இன்னும் விளங்காத காரியம்.

ஆகவே மாற்றம் பாராளுமன்றத்தினூடாகவே வரவேண்டும். வல்லுறவு, நெருங்கிய உறவினரால் உண்டாகும் கர்ப்பம், சிசுவின் கடும் குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்களிக்க 1995இல் முன்வைக்கப்பட்ட பிரிவுகள் எதிர்ப்பால் கைவிடப்பட்டன; 2017இல் அமைச்சரவை வரை சென்ற முன்மொழிவும், கத்தோலிக்கத் திருச்சபை உள்ளிட்டோரின் எதிர்ப்புக்குப் பின் சட்டமாகவில்லை. மடு மாதா கோவிலுக்கு நடந்துபோகும் எங்கள் அயலவர்களின் நம்பிக்கையை நான் குறைத்து எண்ணவில்லை; எனினும், அந்நம்பிக்கை இல்லாத ஒரு சிறுமியைச் சிறைத்தண்டனை காட்டிப் பிள்ளை பெறவைப்பது நியாயமென்று என்னால் ஏற்க இயலவில்லை.

உங்கள் மாணவியரின் தாய்மாருக்கு ஒன்றைச் சொல்லுங்கள். கரு எவ்வாறு கலைந்திருந்தாலும், அதன்பின் வரும் இரத்தப்போக்குக்கோ காய்ச்சலுக்கோ அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறுவது குற்றமன்று. முல்லைத்தீவின் உட்கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வரவேண்டியவர்கள், பொலிஸுக்குப் பயந்து ஒரு நாளையும் வீட்டில் கழிக்கக்கூடாது.