“இப்போ என்ன பண்றீங்க?”: கேம் மாஸ்டர்களுக்குச் சில பதில்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டிக் கதை ஆடுகிற ஆட்டங்களை நடத்துகிறவர்தான் கேம் மாஸ்டர். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட ஓர் ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பை நடத்துகிறவர்களுடையவை. அதில் அவரை டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம் என்பார்கள். எண்களையும் அந்த ஆட்டத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். வேறு ஆட்டம் நடத்துகிறவர்கள் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

கே: நாங்கள் ஐந்து நண்பர்கள். யாரும் இதுவரை ஆடியதில்லை. “நீதான் கதை கதையாகப் படிக்கிறவன், நீயே டிஎம்” என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். என்னவெல்லாம் வாங்க வேண்டும்? மூன்று தடிப் புத்தகங்களையும் படித்து முடிக்க வேண்டுமா?

ப: ஏழு பகடைகள் கொண்ட ஒரு செட் வாங்குங்கள். போன் ஆப்பில்கூடச் சமாளிக்கலாம்தான். ஆனால் டி20 என்கிற இருபது முகப் பகடை மேசையில் உருண்டு நிற்கும் வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்களே, அது ஆப்பில் கிடைக்காது. விதிகளின் அடிப்படைத் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-ஐ 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதல் நாளுக்கு அதில் கால்வாசிகூடத் தேவைப்படாது.

தெரிந்திருக்க வேண்டியது இதுதான். ஒருவர் ஏதோ செய்யப் பார்க்கிறார், முடியுமா என்பது நிச்சயமில்லை. நீங்கள் ஓர் எண்ணை முடிவு செய்கிறீர்கள்: சுலபம் என்றால் 10, நடுத்தரம் 15, கஷ்டம் 20. அவர் டி20-ஐ உருட்டி, தன் கேரக்டர் ஷீட்டில் அந்தத் திறமைக்கு இருக்கும் எண்ணைக் கூட்டுகிறார். எட்டினால் நடந்தது. சண்டையும் இதே கணக்குதான், கொஞ்சம் சட்டை மாற்றிக்கொண்டு வரும்.

1974-ல் இந்த ஆட்டம் முதலில் வந்தபோது ஒரு பெட்டி, உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள், அச்சிட்டது 1000 பிரதி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய அந்த விதிகளில் ஓட்டைகள் ஏராளம். வாங்கியவர்கள் அவரவர் ஓட்டையை அவரவரே அடைத்துக்கொண்டு ஆடினார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். நடுவில் விதி மறந்துபோனால் அந்த நேரத்துக்கு நியாயமாகப் படுவதைச் சொல்லிவிட்டு நகருங்கள். புத்தகத்தை ஆட்டம் முடிந்த பிறகு புரட்டலாம்.

இன்னொன்று. முதல் மாலை முழுவதையும் கேரக்டர் உருவாக்குவதிலேயே கரைத்துவிடாதீர்கள். தயாராகக் கிடைக்கும் முதல் லெவல் கேரக்டர்களைப் பிரின்ட் எடுத்து மேசையில் போட்டு, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மந்திரவாதி மட்டும் படிக்கச் சோம்பல்படாத ஆளிடம் போகட்டும்.

கே: மூன்று இரவு கண்விழித்துப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். குகைக்குள் போக வேண்டிய கூட்டம், வாசலில் நின்ற கழுதைக்காரனோடு பேசிப் பேசி, அவனோடேயே பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய்விட்டது. இவர்களை எப்படிக் குகைக்கு இழுப்பது?

ப: இழுக்காதீர்கள். கழுதைக்காரனை நீங்கள் நன்றாகப் பேச வைத்திருக்கிறீர்கள், அதன் விளைவுதான் இது.

அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. நானும் எழுதியவன். “அவர்கள் உள்ளே நுழைவார்கள், கல்வெட்டைப் படிப்பார்கள், பயந்து வலப்பக்கம் திரும்புவார்கள்” என்று போயிருக்கும். வினைமுற்றை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள், எல்லாமே ஆட்டக்காரர்களுடைய வேலை. அதை அவர்களிடமே விட்டுவிட்டு, மற்றவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை மட்டும் எழுதினால் பன்னிரண்டு பக்கம் அரைப் பக்கமாகச் சுருங்கும்.

நான் நடத்திய ஒரு கதைக்கு நோட்டில் இருந்தது இவ்வளவுதான். ஏரி மதகுக்குள் ஏதோ ஒன்று சிக்கிக்கொண்டு தண்ணீரை அடைத்திருக்கிறது, ராத்திரியில் பாடுகிறது. ஊர்த்தலைவி மதகைத் திறக்க விடமாட்டாள், ஏனென்றால் நோயாளியான அவள் மகன் அந்தப் பாட்டைக் கேட்டால்தான் தூங்குகிறான். கடைமடை விவசாயிகளின் நாற்று காய்கிறது, கடப்பாரையோடு வரப்போகிறார்கள். மதகில் இருப்பதற்கு வீட்டுக்குப் போக வேண்டும். கீழே ஒரு வட்டம் வரைந்து ஆறு துண்டாகப் பிரித்திருந்தேன். ஓர் இரவு கழிந்தால் ஒரு துண்டைக் கறுப்பாக்க வேண்டும், ஆறும் கறுத்தால் கரை உடையும். இந்த வட்டம் என் கண்டுபிடிப்பு இல்லை. ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க் ஆட்டத்தில் இதைக் கடிகாரம் என்பார்கள். எந்த ஆட்டத்துக்கும் ஒத்துவரும்.

ஆட்டக்காரர்கள் மதகைத் திறப்பார்கள், அல்லது தலைவி பக்கம் நின்று கடைமடைக்காரர்களைத் தடுப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் மூன்றாம் இரவு கரையில் வேறோர் இடத்தை வெட்டி, புது வாய்க்கால் போட்டுத் தண்ணீர் விட்டார்கள். நான் யோசித்தே இராத வழி. ஆனாலும் திணறவில்லை. மூன்று தரப்புக்கும் என்ன வேண்டும் என்று தெரியும், அதனால் வாய்க்காலைப் பார்த்ததும் யார் என்ன செய்வார்கள் என்பது தானாக வந்தது. தலைவி அழுதாள். விவசாயிகள் வெட்டுக் கூலி எவ்வளவு என்று கேட்டார்கள். மதகில் இருந்தது கோபத்தில் பாட்டை நிறுத்திவிட்டது.

பெயர்ப் பட்டியல் ஒன்றும் கையில் இருக்கட்டும், இருபது பெயராவது. இல்லாவிட்டால் யாராவது “உங்க பேர் என்ன?” என்று கேட்டதும் வாயில் முதலில் வருவதைச் சொல்வீர்கள். எங்கள் மேசையில் ஒரு காலத்தில் மூன்று கொல்லர்கள் இருந்தார்கள், மூன்று பேருமே முருகன்.

குகையைத் தூக்கிப் போட வேண்டாம், இன்னொரு நாள் உதவும். ஆனால் ஒரு எல்லை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கம் போகிறவர்கள் முன் அந்தக் குகையைக் கொண்டுபோய் வைப்பதில் தப்பில்லை. விசாரித்து, ஆபத்து என்று தெரிந்து, வேண்டுமென்றே விலகிப் போனவர்கள் முன் அதையே வைத்தால் அது ஏமாற்று.

கே: டிஎம் முன்னால் வைத்துக்கொள்ளும் மறைப்புத் திரைக்குப் பின்னால் உருட்டிவிட்டு எண்ணை மாற்றிச் சொல்லலாமா? முதல் சண்டையிலேயே ஒருவர் சாகிற நிலை வந்தது. எதிரிக்கு 19 விழுந்ததை 9 என்று சொல்லிவிட்டேன். மனசு உறுத்துகிறது.

ப: இதில் ஆளுக்கொரு கட்சி. ஆட்டம் சுவையாக இருந்தால் போதும், எண் என்ன எண் என்கிறவர்கள் உண்டு, நல்ல டிஎம்-களே உண்டு. நான் திரையை எடுத்துவிட்டவன்.

காரணம், அவர்களுக்குத் தெரிந்துவிடும். நானும் இப்படித்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை ஓர் ராட்சசன் அதிசயமாகக் குறி தவறியபோது, எதிரே இருந்தவர் “கேடயத்தைக் கீழே வைக்கிறேன், எப்படியும் சாக விடமாட்டீங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து எல்லாம் மேசை நடுவில்தான் உருள்கிறது.

கருணை காட்ட வேண்டுமானால் உருட்டுவதற்கு முன் காட்டுங்கள். கொள்ளைக்காரன் கொல்லத்தான் வர வேண்டுமா? பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம், ஆளைப் பிடித்து வைத்துப் பணம் கேட்கலாம். ஹிட் பாயின்ட், அதாவது கேரக்டரின் உயிர்க் கணக்கு, பூஜ்யமானால் உடனே சாவும் இல்லை. தன் முறை வரும்போதெல்லாம் டி20 உருட்ட வேண்டும், 10-ம் அதற்கு மேலும் நல்லது, மூன்று தோல்வி சேர்வதற்குள் மூன்று வெற்றி சேர்ந்தால் பிழைத்தார். அதற்குள் கூட்டாளிகள் ஓடிவந்து தூக்கியும் விடலாம். விதியே அவ்வளவு இடம் கொடுக்கிறது.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். தோற்றால் கதை நின்றுபோகும் என்றால் அங்கே பகடையே வேண்டாம். கொலை நடந்த அறையில் ரத்தக் கறை படிந்த சாவி இருக்கிறது, கண்டுபிடிக்க 15 வேண்டும், ஆட்டக்காரருக்கு +5 என்று வையுங்கள். பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 55 சதவீதம். மீதி 45 சதவீதத்தில் உங்கள் துப்பறியும் கதை முதல் அறையிலேயே படுத்துவிடும். சாவியைக் கேட்டவுடன் கொடுத்துவிடுங்கள். அது எந்தப் பூட்டுக்கு என்று மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு உண்மைக்கும் மூன்று துப்பாவது வெவ்வேறு இடத்தில் இருக்கட்டும். ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்.

கே: ஏழு வாரமாக பில்டப் கொடுத்த வில்லன் இரண்டே சுற்றில் செத்துப்போனான். ஆட்டக்காரர்கள் ஐந்து பேர்.

ப: சுற்றுக்கு அவனுக்கு ஒரு முறை, அவர்களுக்கு ஐந்து முறை. வேறென்ன நடக்கும்? ஹிட் பாயின்டை இரட்டிப்பாக்கினால் சண்டைதான் நீளும், சுவாரசியம் நீளாது. கையாட்களைச் சேருங்கள். மற்றவர்கள் முறைக்கு நடுவிலும் அவன் ஏதாவது செய்யட்டும், இந்தப் பதிப்பின் லெஜண்டரி ஆக்‌ஷன்கள் அதற்காகவே வந்தவை. சண்டையில் அவனைத் தவிர இன்னொரு கவலையும் வேண்டும்: எரிகிற களஞ்சியம், தப்பிக்கும் படகு. செத்தவனைச் செத்தவனாகவே விடுங்கள். அந்த இரண்டு சுற்றைத்தான் உங்கள் நண்பர்கள் பத்து வருஷம் கழித்தும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கே: டொராண்டோவில் இருக்கிறோம். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், ஆட்டம் தொடங்கியதும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம். தமிழில் நடத்திப் பார்த்தேன், மேடை நாடகம் போல ஆகிவிட்டது. எனக்குக் குரல் மாற்றிப் பேசவும் வராது.

ப: “தாங்கள் யார்? இவ்விடம் வந்த நோக்கம் யாது?” என்று காவலாளியைப் பேச வைத்திருப்பீர்கள். வாளும் டிராகனும் வந்தால் ராஜா காலத்துத் தமிழும் வர வேண்டும் என்று யார் சொன்னது? வீட்டில் பேசுகிற பேச்சையே பேசுங்கள். இனிஷியேட்டிவ், ஸ்பெல் ஸ்லாட் போன்ற விதிச் சொற்கள் ஆங்கிலத்தில் அப்படியே இருக்கட்டும். கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ இல்லையா?

குரல் வராதது ஒரு குறையே இல்லை. ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான், அதனால் அவர்கள் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு பாடுபடுகிறார்கள். நமக்கு முன்னிலைச் சொல்லே பாதி வேலையைச் செய்துவிடும். உங்கள் வீட்டுப் பேச்சு யாழ்ப்பாணத் தமிழ் என்றால் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி கையில் இருக்கிறது. கோட்டை வாசல் காவலாளி பூசாரியிடம் “வாங்கோ, என்னத்துக்கு வந்தனீங்கள்?” என்கிறான். அப்படியே திருடன் பக்கம் திரும்பி “நீ ஆர்?” என்கிறான். திருடனாக ஆடுகிறவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதைப் பாருங்கள். நாலு வாரம் கழித்து அதே காவலாளியின் உயிரைத் திருடன் காப்பாற்றுகிறான். காவலாளி “நீர்” என்று கூப்பிட்டால் போதும், உறவு ஒரு படி ஏறிவிட்டது என்று மேசைக்கே புரியும். தமிழ்நாட்டுப் பேச்சில் இதே வேலையை ‘டா’வும் ‘ங்க’வும் ‘சார்’-ம் செய்யும்.

வருணனையும் மூன்று வாக்கியத்துக்குள் முடியட்டும். ஒரு வாசனை, ஒரு சத்தம், பொருந்தாத ஏதோ ஒன்று. “ஈர வைக்கோல் நாற்றம். உள்ளே யாரோ உரலில் இடிக்கிறார்கள். வாசல் கோலம் மட்டும் தலைகீழாக இருக்கிறது. இப்போ என்ன பண்றீங்க?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முதலில் விழும் மௌனம் பயமாக இருக்கும், பத்து எண்ணுவதற்குள் யாராவது பேசிவிடுவார்கள்.

கே: ஒருவர் ஓயாமல் பேசுகிறார். இன்னொருவர் நான்கு செஷனாக வாயே திறக்கவில்லை.

ப: “நீங்க ஏதாவது சொல்லுங்களேன்” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், இன்னும் சுருண்டுகொள்வார். அவருடைய கேரக்டரின் பெயரைச் சொல்லி, சின்னதாக ஒன்றைக் கேளுங்கள்: “கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் உனக்கு மட்டும் கேட்கிறது. மற்றவர்களிடம் சொல்வாயா?” ஆம், இல்லை என்றால்கூடப் போதும், கதை நகரும். ஓயாமல் பேசுகிறவரிடம் ஆட்டத்துக்கு வெளியே, தனியாக, மற்றவர்களையும் இழுத்துவிட உதவி கேளுங்கள். பெரும்பாலும் பெருமையாக ஒப்புக்கொள்வார்கள். சிலர் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அவர் தவறாமல் வருகிறார் என்றால் பிடித்துத்தான் வருகிறார்.

கே: ஐந்து பேருக்கும் ஒத்துவருகிற தேதியே கிடைப்பதில்லை.

ப: கிடைக்காது. மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பென் ராபின்ஸ் என்பவர் வெஸ்ட் மார்ச்சஸ் என்ற பெயரில் ஒரு கேம்பெயின், அதாவது பல செஷன் நீளும் தொடர்கதை, நடத்தினார். தேதியையும் போகிற இடத்தையும் ஆட்டக்காரர்களே பேசி முடிவு செய்துவிட்டு அவரைக் கூப்பிடுவார்கள். செஷன் முடியும்போது எல்லோரும் ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டும், அதனால் அடுத்த முறை யார் வந்தாலும் வராவிட்டாலும் கதை இடறாது.

கே: பேய்க்கதை நடத்தினேன். குழந்தை ஒன்று காணாமல் போகிற காட்சியில் ஒரு தோழி முகம் வாடி எழுந்து போய்விட்டார். முன்பே கேட்டிருக்க வேண்டுமோ?

ப: ஆமாம். ஆட்டம் தொடங்கும் முன் செஷன் ஜீரோ என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எது வரவே கூடாது, எதை விவரிக்காமல் லேசாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்று பட்டியல் போடுங்கள். காரணம் கேட்கக் கூடாது. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டும் நல்லது. எக்ஸ் போட்ட அட்டை மேசையில் கிடக்கும், யார் தொட்டாலும் அந்தக் காட்சியை அங்கேயே விட்டுவிட வேண்டும். முதலில் அதை நீங்களே ஒரு முறை தொட்டுக் காட்டுங்கள். இல்லாவிட்டால் யாரும் தொடமாட்டார்கள். தோழிக்கு இன்றே ஒரு போன் போடுங்கள், விளக்கம் கேட்பதற்கு அல்ல.

கே: பேய், பிசாசு, சாத்தான் என்று என்ன விளையாட்டு இது என்று அம்மா திட்டுகிறார்.

ப: 1980களில் அமெரிக்காவில் ஒரு தலைமுறை அம்மாக்கள் இதையேதான் சொன்னார்கள். வாதாடாமல் ஒரு நாள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். என் அம்மாவும் முறைத்துக்கொண்டுதான் காபி கொண்டுவந்து வைப்பார். ஒரு நாள் எங்கள் கூட்டம் கல்லறைக் கதவின் பூட்டோடு முக்கால் மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. கம்பி விட்டார்கள், மந்திரம் போட்டார்கள், கோடரி எடுத்தார்கள். டம்ளர்களை எடுக்க வந்தவர் நின்று கேட்டார்: “அந்தக் கதவு திறந்திருக்கான்னு தள்ளிப் பார்த்தீங்களாடா?”

யாரும் பார்த்திருக்கவில்லை. திறந்துதான் இருந்தது.